கூடாரத்துக்குக் கீழே இருக்கும் நிலம்

பண்டிகைக் காலம் நெருங்கிவிட்டால் ஜொகூர் மாநிலத்துப் பட்டணங்களில் முதலில் முளைப்பவை கூடாரங்களே எனலாம். நோன்பு மாதத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் கூடாரங்களின் கீழ் பலகாரங்கள் அடுக்கப்பட்டுவிடும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஜொகூர் பாருவின் ஜாலான் ஊங்கு புவான் வட்டாரத்தில் துணிமணியும் முறுக்கும் பூமாலையும் கூடாரங்களுக்கு இடம்பெயரும். உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி வந்தாலோ, மாமாக் கடைகளின் முன்னே வெண்திரையும் கூடாரமும் சேர்ந்தே எழும்.

இவற்றைக் கண்டு மகிழும் நாம், அந்தக் கூடாரம் அங்கே நிற்க அனுமதி தந்தவர் யார், எத்தனை நாளுக்குத் தந்தார் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் நமக்கில்லை. ஆனால், கூடாரம் போடும் கடைக்காரர்களிலும் பலர் அதைக் கேட்பதில்லை. அதன் விலையை அவர்கள் பண்டிகைக்கு ஐந்து நாள் முன்னதாகக் கொடுக்க நேர்கிறது. இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய காரணம் இதுவே.

நான் நகரத் திட்டமிடல் பயிலும் மாணவி. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும், அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். ஆகவே நிலம், கட்டடம், உரிமம் பற்றி நான் கற்ற சொற்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலுமே என் மனத்தில் பதிந்துள்ளன. அவற்றை நம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்க வேண்டி வந்தபோதுதான், நம் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் அவர்களை ஆளும் சட்டத்துக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பது புரிந்தது. அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு ரசீதின் கதை

என் தாய்மாமா ஒருவர் தாமான் கடைவரிசையில் பதினோரு ஆண்டுகளாக வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மலாய் பேசுவார், கடிதம் வாசிக்கச் சிரமப்படுவார். ஓர் ஆண்டு தீபாவளிக்குக் கடையின் முன்னே இரண்டு கூடாரங்கள் போட்டு, ஒன்றில் பலகார விற்பனை, மற்றொன்றில் கூடுதல் மேசைகள் என்று திட்டமிட்டார். வாடிக்கையாகக் கடைக்கு வரும் இடைத்தரகர் ஒருவர், "பெர்மிட் நான் பார்த்துக்கிறேன் அண்ணே" என்று 900 வெள்ளி வாங்கிக்கொண்டு, சில நாளில் ஒரு ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமாவும் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தபோது அமலாக்கப் பிரிவினர் வந்தனர். ரசீதைப் பார்த்தனர். அன்று மாலைக்குள் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. பிசைந்த மாவும், முன்பணம் கொடுத்து அமர்த்திய நான்கு வேலையாட்களும் அப்படியே நின்றனர். தரகரின் கைப்பேசி அடைக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு மாமா அந்த ரசீதை என்னிடம் நீட்டினார். அதில் இருந்த சொல் 'காயின் ரெந்தாங்'. விளம்பரப் பதாகை கட்டுவதற்கான கட்டண ரசீது அது.

"காயின்னா துணிதானேம்மா? கூடாரமும் துணிதானே?" என்று மாமா கேட்டார்.

அவர் கேட்டதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மலாயில் 'காயின்' என்றால் துணிதான். கூடாரத்தைத் துணியாகத்தான் எல்லாரும் பார்க்கிறோம். வாடகைக்கு எடுக்கும்போதும் துணியின் நிறத்தையும் அளவையும்தான் பேசுகிறோம். ஆனால், சட்டம் கூடாரத்தைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது துணியை அன்று. அதற்குக் கீழே இருக்கும் நிலத்தை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற அனைத்தும் தாமாகவே விளங்கிவிடும்.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

கடைக்கு முன்னால் இருப்பதெல்லாம் கடையைச் சேர்ந்தது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். உண்மையில் கடையின் வாசற்படியிலிருந்து சாலை வரை உள்ள பத்து இருபது அடிக்குள் மூன்று நான்கு உரிமையாளர்கள் இருக்கக்கூடும்.

முதலாவது, ஐந்தடிப் பாதை. அது சில இடங்களில் கடை நிலத்தின் எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கும். இருந்தாலும் பொதுமக்கள் வெயில் மழை படாமல் நடந்து செல்வதற்காகவே அது கட்டப்பட்டது. அதை மேசை நாற்காலி போட்டு அடைப்பது, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி பொது இடத்தில் தடை ஏற்படுத்தும் குற்றமாகலாம்.

இரண்டாவது, வாகன நிறுத்துமிடம். தாமான் கடைவரிசைகளின் முன்னே உள்ள நிறுத்துமிடங்கள் பொதுவாகச் சாலைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் அமைந்தவை. ஊராட்சி மன்றத்தின் நிர்வாகத்தில் இருப்பவை. நாம் அங்கே தினமும் வண்டி நிறுத்துவதால் அது நம்முடையதாகிவிடாது.

மூன்றாவது, பெருஞ்சாலை ஓரம். ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய், கூலாய், யோங் பெங், சிகாமாட் என நீளும் முதலாம் எண் சாலை கூட்டரசுச் சாலையாகும். அதன் ஓர நிலத்தைப் பொறுத்தவரை ஊராட்சி மன்றத்தின் சம்மதம் மட்டும் போதாது. பொதுப்பணி இலாகாவையும் கேட்க வேண்டும்.

நான்காவது, அடுக்குமாடி வணிக வளாகம். அங்கே நடைபாதையும் முற்றமும் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான சொத்து. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பராமரிக்கும் நிர்வாக அமைப்பின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்.

கடைக்குப் பக்கத்தில் புல் வளர்ந்து காலியாகக் கிடக்கும் அரசு நிலமும் உண்டு. அதைப் பயன்படுத்த விரும்புவோர் மாவட்ட நில அலுவலகத்தில் தற்காலிக நில உரிமம் பெற வேண்டும். அலுவலகத்தில் அதை 'எல்.பி.எஸ்.' என்பார்கள், நம் பெரியவர்கள் 'டி.ஓ.எல்.' என்பார்கள். இந்த உரிமத்தை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் உரிமமும் முடிந்துவிடும். தேசிய நிலச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இவ்வாறு கூறுகிறது. ஆகவே, "என் பேர்ல டி.ஓ.எல். இருக்கு, மாசம் இவ்வளவு கொடுத்துட்டு நீங்க நடத்திக்குங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது அவரால் விற்க முடியாத ஒன்றை.

இரண்டாம் கேள்வி: அந்த நிலம் எதற்கு உரியது?

சொந்த நிலமாகவே இருக்கட்டும். அப்போதும் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. நம் நாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு.

ஒன்று நிலப் பட்டாவில் எழுதப்பட்டிருப்பது. தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என மூன்று வகையாகப் பிரிக்கிறது. கட்டட வகையிலும் 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருந்தால், அந்த முற்றத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துவது நிபந்தனை மீறலாகும்.

மற்றொன்று ஊராட்சி மன்றத்தின் உள்ளூர்த் திட்டம். 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்று மலாயில் கூறப்படும் இத்திட்டம், எந்தப் பகுதி குடியிருப்பு, எந்தப் பகுதி வணிகம், எது திறந்தவெளி என்று வரைபடத்தில் நிறம் பிரித்துக் காட்டும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, இத்திட்டத்துக்கு மாறாக நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. 19ஆம் பிரிவு, திட்டமிடல் அனுமதி இல்லாமல் எந்த மேம்பாட்டையும் செய்யக் கூடாது என்கிறது. இங்கே 'மேம்பாடு' என்றால் மாடிக் கட்டடம் எழுப்புவது மட்டும் அன்று. நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் மேம்பாடுதான். வண்டி நிறுத்துமிடம் உணவருந்தும் இடமாக மாறினால் அங்கே ஒரு செங்கல்லும் வைக்கப்படாமலே பயன்பாடு மாறிவிட்டது!

இதை மீறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு 26ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது. அதிகபட்சத் தண்டனை 500,000 வெள்ளி அபராதம், அல்லது ஈராண்டு சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 வெள்ளி வரை கூடுதல் அபராதம். ஒரு சாதாரணக் கூடாரத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனை விதிப்பார்கள் என்று நான் கூற வரவில்லை. பெரும்பாலும் கூடாரம் பிரிக்கப்படும், பொருள் பறிமுதல் செய்யப்படும். ஆனால் சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு மாத விலக்கு

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 'அப்படியானால் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போடும் பந்தலுக்கெல்லாம் திட்டமிடல் அனுமதி வாங்குகிறோமா?'

நல்ல கேள்வி. அதே 19ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதற்கு விலக்கு அளிக்கிறது. தற்காலிகத் திரைப்படக் காட்சி, நாடகம், கேளிக்கைச் சந்தை, கண்காட்சி, சமய அல்லது சமூகச் சடங்கு, விழா ஆகியவற்றுக்காக ஒரு மாதத்துக்கு மேற்படாமல் நிலத்தைப் பயன்படுத்தவும், அதற்கான தற்காலிகக் கொட்டகைகளை எழுப்பவும் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. ஊராட்சி மன்றம் விரும்பினால் அந்தக் காலத்தை நீட்டிக்கலாம்.

பண்டிகைக் கூடாரங்களைப் பற்றிய குழப்பத்துக்கெல்லாம் வேர் இந்த விலக்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 'பண்டிகைக்கு ஒரு மாதம் யாரும் கேட்க மாட்டார்கள்' என்று கடைக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையே ஆபத்தானது. ஏன்?

முதலாவது, விலக்குப் பட்டியலில் விழா, கண்காட்சி, சந்தை எல்லாம் இருக்கின்றன; உணவகம் தன் மேசைகளை விரிவாக்கிக்கொள்வது என்ற ஒன்று இல்லை. தீபாவளிக்கு ஊர்மக்களுக்கு விருந்து வைக்கும் பந்தல் விழாவாகலாம். அதே பந்தலில் மறுநாள் விலைப்பட்டியல் வைத்துச் சோறு விற்றால் அது வியாபாரம்.

இரண்டாவது, நாள்கணக்கு. 2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கிண்ணம் நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை, 29 நாள். ஒரு மாதத்துக்குள் அடங்கிவிட்டது. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு வகுக்கப்பட்ட காலமோ ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 39 நாள். ஒரு மாதம் என்று எண்ணிக் கூடாரம் போட்டவருக்கு இறுதியாட்டம் வருமுன்பே கணக்கு முடிந்துவிடும்.

மூன்றாவது, இதுவே மிக முக்கியமானது: அந்த விலக்கு திட்டமிடல் அனுமதிக்கு மட்டுமே உரியது. நிலத்துக்குரியவரின் சம்மதம், கட்டட அனுமதி, வியாபார உரிமம் ஆகிய எதையும் அது தள்ளுபடி செய்யவில்லை. ஒரு வாசல் திறந்திருப்பதால் மற்ற வாசல்களும் திறந்திருக்கின்றன என்று பொருளாகாது.

மூன்றாம் கேள்வி: என்ன எழுப்புகிறோம்?

நான்கு இரும்புக் கால், மேலே ஒரு துணி. இதைக் கட்டடம் என்று யாராவது சொல்வார்களா? சட்டம் சொல்கிறது. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் 'கட்டடம்' என்பதன் விளக்கம் வீடு, குடிசை, கொட்டகை, கூரையிட்ட அடைப்பு என்று தொடங்கி மேடை, தூண், வேலி, சட்டம் வரை நீள்கிறது. கூரையும் தூணும் உள்ள கூடாரம் இந்த விளக்கத்திலிருந்து தப்புவது கடினம். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களும் தற்காலிகக் கொட்டகைகளுக்கெனத் தனியாகத் தற்காலிக அனுமதி முறையை வைத்திருக்கின்றன.

இது வெறும் காகித விளையாட்டன்று. ஜொகூரில் ஆண்டிறுதியில் வீசும் பருவமழைக் காற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். நீளம் இருபதடி, அகலம் இருபதடி கொண்ட கூடாரம் சரியாகக் கட்டப்படாவிட்டால் பாய்மரம் போலத் தூக்கிக்கொண்டு போகும். அதற்குக் கீழே எரிவாயு அடுப்பும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியும் இருக்கின்றன. பக்கத்துக் கடையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்? தெரு நீர்க்குழாயை நம் மேசை மறைத்திருந்தால் அவர்கள் எங்கே தேடுவார்கள்? வடிகாலின் மேல் பலகை அடித்து மேடை போட்டால் மழைநீர் எங்கே போகும்? விண்ணப்பத்தோடு இடவரைபடம் கேட்பதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

நான்காம் கேள்வி: என்ன விற்கிறோம்?

கடைக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதே என்று பலர் கருதுகின்றனர். கடை உரிமம் கடையின் முகவரிக்கும் அதன் பரப்பளவுக்கும் கொடுக்கப்பட்டது. வெளியே போடும் மேசை நாற்காலிக்குப் பல ஊராட்சி மன்றங்கள் தனி உரிமமும் தனிக் கட்டணமும் வைத்திருக்கின்றன.

பண்டிகைக்கென அமர்த்தும் தற்காலிக வேலையாட்களும் உணவைக் கையாளுபவர்களே. 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்கும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அவர்களுக்கும் பொருந்தும். 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை உள்ளது. திறந்தவெளி மேசைகளுக்கும் அத்தடை பொருந்தும். கூடாரம் வெளியே இருப்பதால் அங்கே புகைக்கலாம் என்பது தவறான எண்ணம்.

உரிமத்தைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 107ஆம் பிரிவு, ஊராட்சி மன்றம் தான் கொடுத்த உரிமத்தைக் காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. அதனால் ஏற்படும் நட்டத்துக்கு ஈடும் கேட்க முடியாது. கடனுக்கு மாவும் நெய்யும் வாங்கிவைத்திருக்கும் சிறுவியாபாரிக்கு இது மிகக் கடுமையான விதி என்பதில் ஐயமில்லை. காரணத்தையாவது எழுத்தில் கூற வேண்டும் என்று சட்டம் மாறினால் நன்றாக இருக்கும். ஆனால் மாறும்வரை, இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் உரிமத்தை நாமே அறுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அறிவுடைமை.

யாரிடம், எப்போது கேட்பது?

ஜொகூரில் 16 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. 1994 ஜனவரி 1இல் மாநகர் தகுதி பெற்ற ஜொகூர் பாருவுக்கு ஒரு மன்றம். ஸ்கூடாய் வட்டாரத்துக்கு 2017இல் மாநகரான இஸ்கண்டார் புத்ரி. மாசாய் வட்டாரத்துக்கு 2020இல் மாநகரான பாசிர் கூடாங். கூலாய்க்கு அதன் நகராண்மைக் கழகம். அரை மணி நேரப் பயணத்தில் மூன்று மன்றங்களின் எல்லையைக் கடந்துவிடலாம். கட்டணமும் படிவமும் வைப்புத் தொகையும் மன்றத்துக்கு மன்றம் மாறும். தெப்ராவில் கடை வைத்திருக்கும் நண்பருக்கு நடந்தது ஸ்கூடாயில் நமக்கும் நடக்கும் என்று எண்ணக்கூடாது. பழைய காகிதங்களில் 'ஜொகூர் பாரு தெங்ஙா' என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். இஸ்கண்டார் புத்ரி மன்றத்தின் முந்திய பெயர் அது.

நாள்கணக்கிலும் கவனம் வேண்டும். 2014 முதல் 2024 இறுதி வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என மீண்டும் மாறியது. முன்பு ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போய்ப் பழகியவர்கள் இன்று போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். மேலும், அரசு நிலத்துக்கான தற்காலிக உரிமம் எந்த மாதத்தில் தொடங்கினாலும் அவ்வாண்டு டிசம்பர் 31ஐத் தாண்டாது. பிறகு புதுப்பிக்க வேண்டும். டிசம்பரில் உரிமம் எடுத்துப் பொங்கல் வரை கரும்பும் பானையும் விற்கலாம் என்று திட்டமிடுபவர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மேற்கூறிய ரசீதுக்கு அடுத்த ஆண்டு, மாமா தீபாவளிக்கு ஒன்பது வாரம் இருக்கும்போதே தாமே அலுவலகம் சென்றார். நான் படிவத்தை நிரப்பினேன், இடவரைபடம் வரைந்தேன், இருபுறமும் உள்ள கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினோம். அவர் கேட்டது இரண்டு கூடாரம், ஆறு நிறுத்துமிடம். கிடைத்தது ஒரு கூடாரம், இரண்டு நிறுத்துமிடம், பதினான்கு நாள். "இவ்வளவுதானா?" என்று முணுமுணுத்தார். ஆனால் அந்தக் காகிதத்தில் அவர் பெயர் இருந்தது. கடை முகவரி இருந்தது. தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. அந்தப் பதினான்கு நாளும் அவர் சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் வியாபாரம் செய்தார்.

மற்றவர் பக்கத்து நியாயம்

இவ்வளவு கெடுபிடி தேவைதானா என்று சிலர் கேட்கலாம். நாம் கடைக்காரர் பக்கத்திலிருந்தே பார்த்து வந்தோம். சற்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்ப்போம். கடைவரிசையில் மருந்தகம் இருக்கிறது. அங்கே வரும் முதியவருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஐந்தடிப் பாதைதான் ஒரே வழி. மேல்மாடியில் குடியிருப்பவருக்குப் பின்னிரவில் உறக்கம் வேண்டும். பண்டிகை நம்முடையதாக இருக்கலாம், தெரு எல்லாருடையது.

உலகின் பெருநகரங்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. நியூயார்க் நகரம் 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது உணவகங்களைச் சாலையோரத்தில் மேசை போட அவசரமாக அனுமதித்தது. பல உணவகங்கள் அதனால் பிழைத்தன. ஆனால் தற்காலிகம் என்று தொடங்கிய மரக்கொட்டகைகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. எலி, குப்பை, இரைச்சல் என்று குடியிருப்பாளர்கள் முறையிட்டனர். முடிவில் 2023ஆம் ஆண்டுச் சட்டம், வண்டித்தடத்தில் போடும் மேசைகளுக்கு ஏப்ரல் 1 முதல் நவம்பர் 29 வரை என்று பருவம் வகுத்தது. நமக்கு அருகே சிங்கப்பூரிலும் வெளிப்புற மேசைகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி கேட்க வேண்டும். ஆக, 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு ஒரு முடிவு நாள் வேண்டும் என்பதைப் பட்டறிவால் எல்லா ஊரும் கற்றுக்கொள்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

கூடாரம் போட விரும்பும் குடும்பம் நம்மிடையே இருந்தால், பின்வருவனவற்றை அவர்களுக்குச் சொல்லலாம்.

முதலில், நிலம் யாருடையது என்று எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். பட்டாவை நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சரிபார்க்கலாம். இரண்டாவதாக, பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மூன்றாவதாக, கூடாரத்தின் அளவு, அடுப்பு இருக்கும் இடம், நடப்பதற்கு விடும் வழி ஆகியவற்றைக் காட்டும் எளிய வரைபடம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். நான்காவதாக, கட்டணத்தை முகப்பிலேயே செலுத்தித் தம் பெயருக்கு ரசீது வாங்க வேண்டும். ஐந்தாவதாக, ரசீது வேறு, அனுமதிக் கடிதம் வேறு என்பதை மறக்கக்கூடாது. பணம் பெற்றுக்கொண்டோம் என்பது ரசீது; செய்யலாம் என்பது அனுமதி.

சில சொற்களையும் கற்றுக்கொடுப்போம். 'கெமா' என்றால் கூடாரம். 'லேசென்' என்றால் உரிமம். 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்றால் திட்டமிடல் அனுமதி. 'செமெந்தாரா' என்றால் தற்காலிகம். 'தாரிக் தாமாட்' என்றால் முடிவு நாள். 'ரெசிட்' என்றால் ரசீது மட்டுமே. இந்த ஆறு சொற்களைக் கடைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டி வைத்தாலே பாதி ஏமாற்றுக்காரர்கள் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

இறுதியாக, தமிழ்மொழிக் கழகத்தில் இருக்கும் என் சக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கவிதைப் போட்டி நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், அவை தேவையே. அவற்றோடு தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, நம் வட்டாரத்துச் சிறுகடைக்காரர்கள் படிவங்களை வாசித்து நிரப்புவதற்கு உதவினால் என்ன? சட்டம் படிப்பவர், கணக்கியல் படிப்பவர், என்னைப் போல் திட்டமிடல் படிப்பவர் என எல்லாரும் நம் கழகத்தில் இருக்கிறோம். மலாய் வாசிக்கத் தெரிந்த நாம் தமிழில் விளக்கத் தெரிந்தவர்களாகவும் இருக்கிறோம். தமிழ்ப்பள்ளியும் தேசியப் பள்ளியும் சேர்ந்து நமக்குக் கொடுத்த இரண்டு மொழியும் ஒரு மேசையில் கூடுகின்ற வேலை இது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, சில பேனாக்கள் போதும். கழக அறையிலேயே நடத்தலாம், கூடாரம்கூடத் தேவையில்லை.